ஈரநிலமா, சுற்றுச்சூழல் அறிவியலா?

திருப்பூருக்கு வடக்கே, நல்லாற்றின் நீரை வாங்கித் தேக்கி நிற்கிறது நஞ்சராயன் குளம். பரப்பு ஏறத்தாழ 125 ஹெக்டேர். 2022இல் தமிழ்நாட்டின் 17ஆவது பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது; 2024 ஆகஸ்டில் ராம்சர் பட்டியலிலும் ஏறியது. மார்கழிப் பனியில் விடியும் முன்பே இந்தக் குளக்கரையில் முக்காலி மேல் தொலைநோக்கியைப் பொருத்தி, வலசை வந்த வாத்துகளை ஒருவர் எண்ணிக்கொண்டிருப்பார்.

அதே பனியன் நகரத்தின் இன்னொரு பக்கம், சாயக் கழிவுநீர் வந்து சேரும் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் இரவு ஷிப்ட் முடியும் நேரம். அங்கே ஒருவர் சவ்வூடு வடிகட்டியிலிருந்து வெளிவரும் நீரைப் பாட்டிலில் பிடித்து, உப்பின் அளவைக் குறித்துக்கொண்டிருப்பார். அந்த எண் கூடினால் நிலையமே பதில் சொல்லியாக வேண்டும். காரணம் பழையது. நொய்யலின் குறுக்கே 1992இல் கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை, பாசனத்துக்குப் பயன்படாமல் சாயநீர்த் தேக்கமாகிப்போனது. கீழே இருந்த விவசாயிகள் நீதிமன்றம் போனார்கள். 2011 ஜனவரியில், கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியே விடாத நிலையை எட்டாத பட்டறைகளை மூடும்படி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது.

இருவரையும் ஊரார் ஒரே பெயரில்தான் சொல்வார்கள்: சுற்றுச்சூழல் வேலை பார்ப்பவர். ஆனால் அவர்கள் படித்தது வேறு, எழுதிய தேர்வு வேறு, சம்பளம் வரும் வழி வேறு. பன்னிரண்டாம் வகுப்பு முடித்த மாணவரும் இளநிலை இறுதியாண்டில் இருப்பவரும் இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு, கிடைத்த படிப்பில் சேர்ந்துவிடுவது அடிக்கடி நடக்கிறது. இந்த அத்தியாயம் இரண்டு பாதைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறது.

இடத்தைப் படிப்பதும் சிக்கலைப் படிப்பதும்

ஈரநிலச் சூழலியல் ஓர் இடத்திலிருந்து தொடங்குகிறது. ஏரி, குளம், கண்மாய், சதுப்பு, கழிமுகம், அலையாத்திக் காடு, உப்பளம், நீலகிரியின் சோலைச் சதுப்பு என்று தண்ணீரும் தரையும் கலக்கும் எல்லா இடமும் இதில் அடங்கும். 1971இல் ஈரானின் ராம்சர் நகரில் கையெழுத்தான உடன்படிக்கை, வற்றத்தின்போது ஆறு மீட்டர் ஆழத்தைத் தாண்டாத கடல் பகுதியையும் ஈரநிலமாகவே கணக்கிடுகிறது. அந்த இடத்தில் நீர் எப்போது வருகிறது, எவ்வளவு நாள் நிற்கிறது, எந்தச் செடி முளைக்கிறது, எந்த மீன் முட்டையிடுகிறது, யார் மேய்க்கிறார்கள், யார் வலை போடுகிறார்கள் என்று ஆண்டுக்கணக்கில் பார்த்துக்கொண்டிருப்பதுதான் வேலை.

சுற்றுச்சூழல் அறிவியல் ஒரு சிக்கலிலிருந்து தொடங்குகிறது. காற்றில் தூசு கூடியிருக்கிறதா, ஆழ்துளைக் கிணற்றில் உப்பு ஏறியிருக்கிறதா, குப்பைக் கிடங்கிலிருந்து கசிவு வருகிறதா, புதிய ஆலை வந்தால் என்ன ஆகும்? வேதியியல், புவியியல், உயிரியல், சட்டம், கொஞ்சம் பொறியியல் எல்லாம் கலந்த படிப்பு இது. இதில் தேர்ந்தவர் இன்று சிமென்ட் ஆலையிலும் நாளை மருத்துவமனைக் கழிவிலும் வேலை செய்ய முடியும். இடம் மாறினாலும் அளக்கும் முறை மாறாது.

இந்த ஒரு வேறுபாட்டிலிருந்துதான் மற்றவை எல்லாம் கிளைக்கின்றன. ஒன்றில் வாய்ப்புகள் குறைவு, ஆழம் அதிகம். மற்றதில் வாசல்கள் பல, ஆனால் ஒரு வாசலுக்குள்ளேயே அமர்ந்துவிடும் ஆபத்தும் உண்டு.

குளத்தைப் படிப்பவரின் நாள்

ஈரநில வேலை அதிகாலையில் தொடங்கும். பறவைகள் சுறுசுறுப்பாக இருக்கும் முதல் மூன்று மணி நேரம் எண்ணுவதற்கு. கூட்டமாக இருக்கும் வாத்துகளை ஒவ்வொன்றாக எண்ண முடியாது. பத்து அல்லது நூறு பறவை அடங்கும் ஒரு பகுதியைக் கண்ணால் அளந்து, அந்த அளவு கூட்டம் முழுவதிலும் எத்தனை முறை அடங்குகிறது என்று கணக்கிட வேண்டும். வெயில் ஏறியதும் நீர் மாதிரி, நீரின் தெளிவு, மிதவை உயிரிகளுக்கான சல்லடை வலை. சேற்றில் சதுரச் சட்டத்தைப் போட்டு அதற்குள் எத்தனை கோரை, எத்தனை சம்பு என்று குறிப்பது. மாலையில் மறுபடி எண்ணிக்கை. இரவில் அன்றைய குறிப்புகளைக் கணினியில் ஏற்றுவது.

இதற்கிடையே ஊர்க்காரர்களோடு பேச வேண்டும். தமிழகக் குளங்களில் பெரும்பாலானவை மனிதர் கட்டியவை. கரை, மதகு, கலங்கல், வரத்துக் கால்வாய் ஆகியவற்றின் நிலை தெரியாமல் அங்கே எந்தப் பறவை ஏன் வருகிறது என்று சொல்ல முடியாது. மதகை எப்போது திறப்பார்கள் என்பது நீர்மட்டத்தை முடிவு செய்கிறது. நீர்மட்டம் கூடு கட்டும் காலத்தை முடிவு செய்கிறது. நெல்லை மாவட்டத்துக் கூந்தன்குளத்தில் பறவைகளை ஊர் மக்களே பல தலைமுறையாகக் காத்து வருகிறார்கள். பறவை எச்சம் கலந்த குளத்து நீர் வயலுக்கு உரமாகிறது என்பது அவர்கள் அனுபவத்தில் அறிந்தது. பல்கலைக்கழகத்தில் படித்து வந்தவர் அந்த அறிவைக் காது கொடுத்துக் கேட்காவிட்டால் பாதிக் குளத்தைத்தான் பார்ப்பார்.

நீண்டகாலக் கவனிப்பு எதற்கு என்பதை ராஜஸ்தானின் பரத்பூர் காட்டுகிறது. அங்குள்ள கேவலாதேவ், 29 சதுர கிலோமீட்டர் அளவுள்ள புகழ்பெற்ற பறவைச் சதுப்பு. தேசியப் பூங்காவான பின், 1982இல் அங்கே எருமை மேய்ச்சல் தடை செய்யப்பட்டது. எதிர்த்துத் திரண்ட கிராமத்தினர் மீது நடந்த துப்பாக்கிச்சூட்டில் உயிர்கள் போயின. மேய்ச்சல் நின்றால் பறவைகளுக்கு நல்லது என்பதுதான் அன்றைய பொதுவான நம்பிக்கை.

பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் வி. எஸ். விஜயன் தலைமையில் 1980களில் அங்கே பத்தாண்டு ஆய்வு நடத்தியது. முடிவு எதிர்த் திசையில் வந்தது. எருமைகள் தின்று கட்டுப்படுத்தி வந்த ஒருவகைப் புல், தடைக்குப் பிறகு தடையின்றிப் பரவி நீர்ப்பரப்பை மூடியது. வாத்துகளுக்கும் நீர்ப்பறவைகளுக்கும் திறந்த நீர் குறைந்தது. எருமையும் அந்தச் சதுப்பின் ஓர் அங்கம் என்று அந்த ஆய்வு எடுத்துச் சொன்னது. ஒரு பருவத்தில் வந்து அளந்துவிட்டுப் போகிறவருக்கு இது தெரிந்திருக்காது. இந்த வேலையின் மதிப்பும் கடினமும் ஒரே இடத்தில் இருக்கின்றன: பொறுமையாக, அதே இடத்துக்கு, ஆண்டுதோறும் திரும்பிப் போக வேண்டும்.

ஆய்வகமும் ஆலையும்

சுற்றுச்சூழல் அறிவியலாளரின் நாள் வேறு மாதிரி. புகைபோக்கியின் நடு உயரத்தில் இருக்கும் மேடைக்குக் கருவியோடு ஏறி, வெளியேறும் வாயுவை அளக்க வேண்டியிருக்கலாம். மொட்டை மாடியில் தூசு அளக்கும் கருவியை 24 மணி நேரம் ஓடவிட்டு, வடிதாளின் எடை வித்தியாசத்தைக் கணக்கிட வேண்டியிருக்கலாம். கழிவுநீரில் உலோகம் பார்க்க வேண்டுமானால் மாதிரி எடுத்த உடனே அமிலம் சேர்க்க வேண்டும். உயிர்வேதி ஆக்சிஜன் தேவை பார்க்க வேண்டுமானால் ஐஸ் பெட்டியில் வைத்து விரைவாக ஆய்வகம் சேர்க்க வேண்டும். பாட்டிலை மாற்றிப் போட்டால் அந்த எண்ணுக்குப் பொருளே இல்லை.

பி.ஓ.டி. என்று ஆய்வகங்கள் சொல்லும் அந்தச் சோதனையிலேயே ஒரு பாடம் இருக்கிறது. மேலை நாடுகளில் மாதிரியை 20 டிகிரி வெப்பத்தில் ஐந்து நாள் வைப்பது வழக்கம். இந்திய முறை 27 டிகிரியில் மூன்று நாள். நம் தட்பவெப்பத்துக்கு ஏற்ற ஏற்பாடு அது. சுத்திகரித்த கழிவுநீரை ஆறு, ஏரிகளில் விடுவதற்கான பொதுத் தரத்தின்படி இந்த அளவு லிட்டருக்கு 30 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. வேதி ஆக்சிஜன் தேவை 250ஐத் தாண்டக் கூடாது. இப்படிப்பட்ட எண்களோடும் அவற்றுக்குப் பின்னால் இருக்கும் விதிகளோடும் வாழ்வதுதான் இந்தத் தொழில்.

அறிக்கை எழுதுவதும் பெரிய வேலை. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணை, அதைப் புதுப்பித்தல், ஆன்லைன் கண்காணிப்புக் கருவியின் தரவு, அபாயகரக் கழிவின் கணக்கு என்று ஒவ்வொரு ஆலைக்கும் ஒரு காகித மலை உண்டு. பெரிய பட்டியலிடப்பட்ட 1,000 நிறுவனங்கள் 2022–23 நிதியாண்டிலிருந்து பொறுப்புடைமை, நிலைத்தன்மை குறித்த அறிக்கையைச் செபிக்குக் கொடுத்தாக வேண்டும். நீர், மின்சாரம், கரியமில வெளியேற்றம் எல்லாவற்றையும் அதில் எண்ணாகச் சொல்ல வேண்டியிருப்பதால், அந்தக் கணக்கைப் போடத் தெரிந்தவர்களுக்கு அலுவலக வேலையும் இருக்கிறது. திருப்பூரின் ஏற்றுமதியாளர்களிடம் வெளிநாட்டு ஆடை நிறுவனங்கள் கேட்கும் ரசாயனக் கணக்குகள் தனி.

சட்டம் எங்கே வேலை தருகிறது

இரண்டு துறைகளிலும் வேலைவாய்ப்பை உண்டாக்குவது பெரும்பாலும் சட்டம்தான். எந்தத் துறையின் பின்னால் எத்தனை சட்டம் நிற்கிறது என்று பார்த்தாலே வாய்ப்பின் அகலம் புரிந்துவிடும்.

1974ஆம் ஆண்டு நீர்ச் சட்டம், 1981ஆம் ஆண்டு காற்றுச் சட்டம், 1986ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம், அதன்கீழ் வந்த கழிவு விதிகள், 2006 செப்டம்பரில் வந்த சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை, 2010இல் அமைந்த தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் இவை அத்தனையும் சுற்றுச்சூழல் அறிவியலாளருக்கு வேலை வைத்திருக்கின்றன. ஒரு சாயப்பட்டறை ஓடும்வரை அதன் கழிவுநீரை யாராவது அளந்துகொண்டே இருக்க வேண்டும்.

ஈரநிலத்துக்கென்று உள்ளது 2017ஆம் ஆண்டின் ஈரநிலப் பாதுகாப்பு, மேலாண்மை விதிகள். அதன் வரையறையிலிருந்து ஆற்றுப் படுகை, நெல்வயல் ஆகியவற்றோடு பாசனத்துக்காகவும் குடிநீருக்காகவும் மனிதர் அமைத்த நீர்நிலைகளும் விலக்கப்பட்டிருக்கின்றன. ஏரிகளின் நாடான தமிழகத்துக்கு இந்த விலக்கு சிறிய விஷயமில்லை. ராம்சர் உடன்படிக்கையின் பார்வையில் ஈரநிலமாகும் ஓர் ஏரி, இந்திய விதியின் பார்வையில் அப்படி ஆகாமல் போகலாம். இந்த இடைவெளியைப் புரிந்து, எந்த ஏரிக்கு எந்தச் சட்டம் துணை நிற்கும் என்று சொல்லத் தெரிந்தவருக்கு அரசிலும் தொண்டு நிறுவனத்திலும் மதிப்பு உண்டு.

நீதிமன்றமும் வேலையைக் கூட்டியிருக்கிறது. இஸ்ரோவின் அகமதாபாத் மையம் 2011இல் வெளியிட்ட தேசிய ஈரநில வரைபட ஏட்டில், 2.25 ஹெக்டேருக்கு மேற்பட்ட ஈரநிலங்கள் 2,01,503 இருந்தன. இவற்றுக்குப் பாதுகாப்புக் கொள்கைகள் பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் 2017இல் சொன்னது. செயற்கைக்கோள் படத்தில் தெரிவதைக் களத்தில் போய்ச் சரிபார்த்து எல்லை வரைய ஆள் வேண்டும். வரைபட மென்பொருளும் நீர்ச்செடிகளின் அடையாளமும் ஒருசேரத் தெரிந்தவர்களுக்கான வேலை அது.

தமிழ்நாட்டில் 2022க்கு முன்பு ராம்சர் தலம் ஒன்றுதான் இருந்தது: 2002இல் சேர்ந்த கோடியக்கரை. 2022இல் பள்ளிக்கரணை, பிச்சாவரம், வேடந்தாங்கல், வடுவூர், வெள்ளோடு என்று வரிசையாகப் பதின்மூன்று சேர்ந்தன. 2024இல் கரைவெட்டி, லாங்வுட் சோலை, நஞ்சராயன், கழுவேலி. 2025இல் சக்கரக்கோட்டையும் தேர்த்தங்கலும். மொத்தம் இருபது, நாட்டிலேயே அதிகம். ஒவ்வொரு தலத்துக்கும் மேலாண்மைத் திட்டம், கணக்கெடுப்பு, நீர்த் தரக் கண்காணிப்பு தேவை. மாநில அரசின் ஈரநில இயக்கமும் இதே காலத்தில் தொடங்கியது. ஆகவே இத்துறை முன்னைவிட வளர்ந்திருக்கிறது. ஆனால் ஆலைகளின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டால் இன்னும் சிறியதுதான்.

ஒரே சட்டத்தை நம்பி நிற்கும் தொழிலுக்கு என்ன நேரலாம் என்பதற்கு அமெரிக்கா எடுத்துக்காட்டு. அங்கே 1972ஆம் ஆண்டு தூய நீர்ச் சட்டத்தின் 404ஆம் பிரிவு, அனுமதி இல்லாமல் ஈரநிலத்தை நிரப்பத் தடை விதிக்கிறது. அதனால் ஈரநில எல்லை வரைவது அங்கே ஒரு தனித் தொழிலாகவே வளர்ந்தது. நீரில் வாழும் செடி, நீர் தோய்ந்த மண், நீர் நிற்கும் காலம் என்ற மூன்று சான்றுகளை வைத்து எல்லை குறிக்கும் கையேட்டை ராணுவப் பொறியாளர் படை 1987இல் வெளியிட்டது. தொழில்முறை ஈரநில அறிவியலாளர் என்று சான்றிதழும் உண்டு. 2023 மே மாதம், நிரந்தர நீர்நிலையோடு மேற்பரப்பில் தொடர்ச்சியாக இணைந்திருக்கும் ஈரநிலங்களுக்கே அந்தச் சட்டப் பாதுகாப்பு என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரையறையைச் சுருக்கியது. ஒரு தீர்ப்பு, அத்தொழிலின் எல்லையையே உள்ளே இழுத்துவிட்டது.

எங்கே படிப்பது, எந்தத் தேர்வு எழுதுவது

சுற்றுச்சூழல் அறிவியலில் முதுநிலை படிக்கக் கோவை பாரதியார் பல்கலைக்கழகம், ஆழ்வார்குறிச்சியில் இயங்கும் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் ஸ்ரீ பரமகல்யாணி மையம் போன்றவை உள்ளன. பொறியியல் பக்கம் போக விரும்புவோருக்கு அண்ணா பல்கலைக்கழகத்தின் சுற்றுச்சூழல் ஆய்வு மையம். இரண்டையும் ஒன்றாக வைத்துப் படிக்க விரும்பினால் புதுச்சேரி மத்தியப் பல்கலைக்கழகத்தின் சூழலியலும் சுற்றுச்சூழல் அறிவியலும் என்ற முதுநிலைப் படிப்பு பொருத்தமானது.

ஈரநிலத்துக்கென்று தனிப் பட்டம் தேடினால் கைக்குக் கிடைப்பது அரிது. பெரும்பாலோர் காட்டுயிர் உயிரியல், விலங்கியல், தாவரவியல், கடல் உயிரியல் வழியாக வருகிறார்கள். மயிலாடுதுறை மன்னம்பந்தல் ஏ.வி.சி. கல்லூரியும் உதகை அரசுக் கலைக் கல்லூரியும் காட்டுயிர் உயிரியலுக்குப் பெயர் பெற்றவை. கழிமுகம், அலையாத்தி பக்கம் ஆர்வமிருந்தால் பரங்கிப்பேட்டையில் இருக்கும் அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையம். பிச்சாவரம் அதன் அருகிலேயே இருக்கிறது. மாநிலத்துக்கு வெளியே டேராடூன் இந்தியக் காட்டுயிர் நிறுவனமும் பெங்களூர் தேசிய உயிரியல் அறிவியல் மையமும் நடத்தும் முதுநிலைப் படிப்புகளில் இடம் குறைவு, போட்டி கடுமை.

தேர்வுகளிலும் பாதை பிரிகிறது. பல்கலைக்கழக மானியக் குழுவின் நெட் தேர்வில் சுற்றுச்சூழல் அறிவியல் தனிப் பாடம். சூழலியல் ஆய்வுக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் சி.எஸ்.ஐ.ஆர். நடத்தும் உயிர் அறிவியல் நெட் தேர்வை எழுதுகிறார்கள். கேட் தேர்வில் சுற்றுச்சூழல் அறிவியலும் பொறியியலும் என்று ஒரு தாள், சூழலியலும் பரிணாமமும் என்று இன்னொரு தாள். முனைவர் பட்ட ஆய்வுக்கான இளநிலை உதவித்தொகை 2023 ஜனவரியிலிருந்து மாதம் 37,000 ரூபாய். முதுநிலைக்கு 42,000 ரூபாய்.

ஓர் எச்சரிக்கையை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். இந்திய வனப் பணித் தேர்வுக்கு எல்லாப் பட்டதாரிகளும் விண்ணப்பிக்க முடியாது. கால்நடை அறிவியல், தாவரவியல், வேதியியல், புவியமைப்பியல், கணிதம், இயற்பியல், புள்ளியியல், விலங்கியல் ஆகியவற்றில் ஒன்றையாவது பாடமாகக் கொண்ட பட்டமோ, வேளாண்மை, வனவியல், பொறியியல் பட்டமோ வேண்டும். அந்தப் பட்டியலில் சுற்றுச்சூழல் அறிவியல் என்ற பெயர் இல்லை. வனத்துறைக் கனவோடு இளநிலையிலேயே சுற்றுச்சூழல் அறிவியலில் சேரும் மாணவர், தன் பாடத்திட்டத்தில் மேற்சொன்ன பாடங்களில் ஒன்று முறையாக இருக்கிறதா என்று சேரும் நாளிலேயே பார்த்துவிட வேண்டும். மூன்று ஆண்டு கழித்துத் தெரிந்துகொண்டால் பயனில்லை.

வேலை கிடைக்கும் இடங்கள்

சுற்றுச்சூழல் அறிவியல் படித்தவருக்கு முதல் வேலை பெரும்பாலும் அங்கீகாரம் பெற்ற சோதனை ஆய்வகத்திலோ ஆலோசனை நிறுவனத்திலோ சுத்திகரிப்பு நிலையத்திலோ கிடைக்கும். தொடக்கச் சம்பளம் பெரிதாக இருக்காது. ஆனால் வேலை நிரந்தரமானது. இரண்டு, மூன்று ஆண்டில் இடம் மாறிச் சம்பளத்தை உயர்த்திக்கொள்ள வழி இருக்கிறது. அரசுப் பக்கம், தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் உதவிப் பொறியாளர், சுற்றுச்சூழல் விஞ்ஞானி ஆகிய பணியிடங்கள் உண்டு. அறிவிப்பு எப்போதாவதுதான் வரும் என்பதால் அதை மட்டும் நம்பிக் காத்திருப்பது சரியல்ல.

ஈரநிலச் சூழலியல் படித்தவர் பெரும்பாலும் திட்டப் பணியாளராகத் தொடங்குகிறார். பல்கலைக்கழகம், கோவை ஆனைகட்டியின் சலீம் அலி மையம், சென்னையில் உள்ள கடலோர மேலாண்மைக்கான தேசிய மையம், பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம், ஏட்ரீ, எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், கேர் எர்த் போன்ற இடங்கள் இவர்களுக்குப் பழக்கமான பெயர்கள். திட்டம் இரண்டு, மூன்று ஆண்டு ஓடும். நிதி முடிந்ததும் அடுத்ததைத் தேட வேண்டும். நிரந்தரப் பணி விரும்புவோருக்கு முனைவர் பட்டம் ஏறக்குறைய கட்டாயமாகிறது. வீட்டுச் செலவைத் தாங்க வேண்டிய பொறுப்பு உடனே இருக்கும் மாணவர் இந்த உண்மையைப் பெற்றோரோடு உட்கார்ந்து பேசிவிடுவது நல்லது.

கடல் கடந்தால் வாய்ப்பின் முகம் மாறுகிறது. கொழும்பு நகரம் 2018இல் ராம்சர் ஈரநில நகரமாக அங்கீகாரம் பெற்றது. அந்தத் தகுதி பெற்ற முதல் தலைநகரம் அது. வெள்ளத்தை வாங்கிக்கொள்ளும் சதுப்புகளை நகரத் திட்டத்துக்குள்ளேயே கொண்டுவந்த ஊரில், சூழலியலாளர் நகரமைப்பாளரோடு ஒரே மேசையில் அமர்கிறார். சர்வதேச நீர் மேலாண்மை நிறுவனத்தின் தலைமையகமும் கொழும்பில்தான். இலங்கைத் தமிழ் மாணவர்களுக்கு இது எட்டும் தூரத்தில் இருக்கும் வாய்ப்பு.

இரண்டும் கைகோக்கும் இடம்

தாக்க மதிப்பீட்டு அறிக்கை எழுதும் நிறுவனங்களுக்குத் தேசிய அங்கீகார வாரியம் பன்னிரண்டு துறை வல்லுநர்களை வகுத்திருக்கிறது. காற்று மாசு, நீர் மாசு, ஒலி, மண், நிலத்தடி நீர், திடக்கழிவு, அபாயம் என்று போகும் அந்தப் பட்டியலில் சூழலியலுக்கும் பல்லுயிருக்கும் சேர்த்து ஓர் இடம். பன்னிரண்டில் ஒன்று என்ற இந்தக் கணக்கு, ஆலோசனைச் சந்தையில் இரு துறைகளின் பங்கைச் சுருக்கமாகக் காட்டிவிடுகிறது.

ஆனால் அந்த ஓர் இடத்தின் எடை அதிகம். மதிப்பீட்டுக்கான அடிப்படைத் தரவைப் பருவமழை அல்லாத ஒரு பருவத்தில் எடுத்தால் போதும் என்பது பொதுவான நடைமுறை. தமிழகத்தின் கடலோரக் கழுவேலிகளும் ஏரிகளும் உயிர்பெறுவது ஐப்பசி, கார்த்திகை மழையில். சித்திரையில் போய்ப் பார்த்தால் வெடித்த சேறும் நாலு கொக்கும்தான் தெரியும். தரிசு என்று அறிக்கையில் எழுதப்படும் அந்த நிலம், தை மாதத்தில் ஆயிரக்கணக்கான பறவைகளின் வயிற்றை நிரப்புவது. அதை அறிந்தவர் அறிக்கைக் குழுவில் இருக்கிறாரா இல்லையா என்பதில் ஒரு சதுப்பின் தலையெழுத்தே இருக்கிறது.

ஒடிசாவின் சிலிகா ஏரி, இரு அறிவும் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்கு நல்ல சாட்சி. வண்டல் படிந்து கடல்வாய் அடைபட, உப்புத்தன்மை இறங்கியது, களைகள் பரவின, மீன்பாடு சரிந்தது. 1993இல் ஆபத்திலுள்ள ராம்சர் தலங்களின் பட்டியலுக்குப் போனது. 1991இல் அமைந்த சிலிகா மேம்பாட்டு ஆணையம், நீரோட்ட மாதிரிகளைக் கணக்கிட வைத்து, 2000 செப்டம்பரில் கடலுக்குப் புதிய வாய் திறந்தது. உப்பு திரும்பியது, மீனும் பல மடங்கு திரும்பியது. 2002இல் அந்த ஆபத்துப் பட்டியலிலிருந்து விடுபட்டு, ராம்சர் பாதுகாப்பு விருதும் பெற்றது. எங்கே வெட்டுவது என்று சொன்னது நீரியல். எவ்வளவு உப்பு ஏறினால் எந்த மீனும் எந்தப் புல்லும் பிழைக்கும் என்று சொன்னது சூழலியல்.

மறுபுறம், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து எண்ணூர்க் கழிமுகத்தில் பரவியது. மீனவர்களே படகில் போய் எண்ணெயை அள்ளினார்கள். இறகெல்லாம் எண்ணெய் அப்பிய கூழைக்கடாக்களைப் படங்களில் பார்த்தோம். நீரிலும் சேற்றிலும் எவ்வளவு எண்ணெய் என்று அளப்பது சுற்றுச்சூழல் அறிவியலாளரின் வேலை. இறாலும் நண்டும் எப்போது திரும்பும், அலையாத்தியின் சுவாச வேர்கள் பிழைக்குமா என்று சொல்வது சூழலியலாளரின் வேலை. இதற்கு முன்பு அங்கே என்ன இருந்தது என்ற பதிவு கையில் இல்லையென்றால், இழப்பு எவ்வளவு என்று மீனவருக்காக யாரும் பேச முடியாது.

முடிவெடுக்க ஒரு சோதனை

பெரும்பாலான மாணவருக்கு இந்நூல் பரிந்துரைப்பது அகலமான அடித்தளமும் கூர்மையான முனையும். இளநிலையில் விலங்கியல், தாவரவியல், வேதியியல் போன்ற அடிப்படைப் பாடம் ஒன்றை எடுப்பது. வனப் பணியின் கதவும் அதனால் திறந்தே இருக்கும். முதுநிலையில் நீர் வேதியியல், புள்ளியியல், வரைபட மென்பொருள் மூன்றையும் கற்றுத்தரும் படிப்பைத் தேர்வது. ஈரநிலத்தின் மீது காதல் இருந்தால், அதைப் பட்டத்தின் பெயரில் தேடாமல் களப் பதிவில் காட்டுவது. சொந்த ஊர்க் குளம் ஒன்றில் மூன்று ஆண்டு தொடர்ந்து எடுத்த மாதாந்தரக் கணக்கு, நேர்காணலில் எந்தச் சான்றிதழையும் விட உரக்கப் பேசும். ஆலைப் பக்கம் போகிறவருக்கும் இது பொருந்தும்: கழிவுநீர் கடைசியில் எந்த நீர்நிலையில் போய் விழுகிறது என்று நேரில் பார்த்தவர் எழுதும் அறிக்கையில் வேறுபாடு தெரியும்.

எந்தப் பக்கம் மனம் சாய்கிறது என்று தெரியாதவர், முடிவெடுக்கும் முன் இரண்டு நாளைச் செலவிட வேண்டும்.

முதல் நாள், ஜனவரியில். ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987 முதல் ஆண்டுதோறும் அந்த மாதத்தில் நடக்கிறது. தமிழக வனத்துறையும் ஒருங்கிணைந்த கணக்கெடுப்பு நடத்துகிறது. நெல்லை, தூத்துக்குடிப் பக்கம் 2011இலிருந்து தாமிரபரணி நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு இருக்கிறது. தன்னார்வலர்களைச் சேர்த்துக்கொள்வார்கள். அதிகாலை முதல் மாலை வரை ஒரே குளக்கரையில் இருக்க வேண்டும். ஊசிவால் வாத்துக்கும் நீலச்சிறகிக்கும் வேறுபாடு கற்க வேண்டும். கரையில் மாடு மேய்ப்பவரிடம் சென்ற ஆண்டு நீர் எதுவரை நின்றது என்று கேட்க வேண்டும்.

இரண்டாம் நாள், கல்லூரிக் கடிதத்தோடு ஒரு சுத்திகரிப்பு நிலையத்திலோ சோதனை ஆய்வகத்திலோ. கழிவுநீர் உள்ளே வரும் குழாயிலிருந்து வெளியேறும் இடம்வரை நடந்து, ஒவ்வொரு தொட்டியிலும் என்ன நீங்குகிறது என்று கேட்டு எழுத வேண்டும். மாதிரி எடுப்பதிலிருந்து எண் வரும்வரை ஒரு சோதனையையாவது பக்கத்தில் நின்று முழுதாகப் பார்க்க வேண்டும்.

இரண்டு நாள் இரவும் ஒரே நோட்டில் மூன்று கேள்விக்குப் பதில் எழுதலாம். எந்த நேரம் போனதே தெரியவில்லை? எந்த வேலை அலுப்பூட்டியும் விட மனம் வரவில்லை? மறுநாள் காலை யாரிடம் போய் இன்னொரு கேள்வி கேட்கத் தோன்றியது: மதகு திறப்பவரிடமா, ஆய்வக மேலாளரிடமா? அந்த நோட்டையும் பாடத்திட்டப் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு, விண்ணப்பப் படிவத்தை நிரப்பத் தொடங்கலாம்.